துவைத்த கழுத்துத்துணி

என் சித்தி பஸ் கட்டும் பட்டறையில் வெல்டர். அம்மாவின் தங்கை. அதற்கு முன்னால் பல வருஷம் ஓர் அழகுநிலையத்தில் இருந்தாள். புருவத்தில் நூல் ஓட்டிய அதே கையால் இப்போது இரும்புத் தகட்டில் தையல் போடுகிறாள். யாராவது ஆச்சரியப்பட்டால் அவளுக்கு எரிச்சல் வரும்.

"முகமா இருந்தா என்ன, தகடா இருந்தா என்ன? கை ஆடாம கோடு போடணும், அவ்வளவுதான். சொல்லப்போனா தகடு தேவல. ‘இன்னும் கொஞ்சம் வெள்ளையா வராதா’ன்னு கேக்காது."

வேலையை விட்டாளே தவிர அங்கே கற்றதை விடவில்லை. வீட்டில் குளியலறைக் கதவை ஒட்டி ஒரு சுவர்த்தட்டு உண்டு. வெயில் காலத்தில் அதில் தண்ணீராக ஓடும் லோஷன், நுரைக்கிற முகக்கழுவி, வெயில் தடுப்பு எல்லாம் இருக்கும். காற்று மாறி, காலையில் எழுந்ததும் உதடு இழுக்கத் தொடங்கியதோ இல்லையோ, தட்டு மொத்தமும் காலியாகிவிடும். நுரைப்பது பெட்டிக்குள் போய், நுரைக்காத, பால் மாதிரி ஒன்று வந்து உட்காரும். லோஷன் இருந்த இடத்தில் களிம்பு டப்பா. விரலால் குத்தினால் குழி அப்படியே நிற்கும், அவ்வளவு கெட்டி. கொதிக்கிற வெந்நீரில் குளிப்பதற்குத் தடை. குளித்த ஈரம் உடம்பில் இருக்கும்போதே களிம்பைப் பூசியாக வேண்டும்.

"காஞ்சப்புறம் பூசுனா செவுத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரிதான். ஈரத்த உள்ள வச்சுப் பூட்டணும்" என்று குளியலறைக்கு வெளியே நின்று சொல்வாள். உள்ளே சித்தப்பா பூசிக்கொண்டிருப்பார்.

சித்தப்பாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. "உடம்பு என்னுது தம்பி, அதுக்குக் காலண்டர் மட்டும் உங்க சித்தி கையில" என்பார் என்னிடம். சொல்லிவிட்டு முழங்கை வரை பளபளவென்று வந்து நிற்பார்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், ஆனால் எங்களுக்கெல்லாம் இன்னும் பாப்பாதான். குளிர் வந்தால் பாப்பாவுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தோல் வெடித்துவிடும். சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். அவளைத் தூங்கவைப்பதற்கு முன் சித்தி கழுத்திலிருந்து கால்வரை களிம்பைப் பூசி, மேலே முழுக்கைப் பருத்திச் சட்டை மாட்டிவிடுவாள். மறுநாள் அந்தத் தோல் வெண்ணெய்போல் இருக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

சித்திக்குத் தன் உடம்பில் ஒரே ஓர் இடம்தான் தீராத தலைவலி. வெல்டிங் வெளிச்சம் வெயில் மாதிரியே தோலைச் சுடும். முகத்துக்குக் கவசம், கைக்குத் தோல் உறை, உடம்புக்குத் தடித்த சட்டை எல்லாம் உண்டு. கவசத்துக்கும் காலருக்கும் நடுவே கழுத்தில் ஒரு பட்டை மட்டும் மாட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் அது கருத்துப்போகும், குளிர் காலத்தில் உரிந்துபோகும். அதனால் குளிர் தொடங்கியதும் இரவில் அங்கே களிம்பைத் தடிமனாக அப்பி, மெல்லிய பருத்தித் துணியால் சுற்றிக்கொண்டு தூங்குவாள். காலையில் அதே துணியோடு பட்டறைக்கு வந்துவிடுவாள். குளிருக்கும் ஆச்சு, பொறிக்கும் ஆச்சு. சாயங்காலம் அதை சித்தப்பா வெந்நீரில் போட்டுத் துவைப்பார். இரவுக்கு வேறு துணி.

"என் கையில அழுக்கு நிக்காது" என்பது சித்தப்பாவின் பெருமை. அது வீண் பெருமை இல்லை. அவர் துவைத்த துணியை முகர்ந்தால் சோப்பு வாசனையைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

பட்டறையில் அவளுக்குப் பெயர் பாலிஷ். பாலிஷ் அக்கா என்று சின்னவர்களும், வெறும் பாலிஷ் என்று பெரியவர்களும் கூப்பிடுவார்கள். நானும் அங்கேதான் பொருள் அறையில் இருக்கிறேன். வெல்டிங் ராடு, கையுறை, கிரைண்டர் சக்கரம் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். எனக்குப் பேச்சு குறைவு, ஜன்னல் பெரியது. எல்லாம் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவோடு சுற்றுவதைத் தினமும் பார்ப்பேன்.

"கையக் காட்டுங்கண்ணே. அடக்கடவுளே, இந்த வெடிப்புல பல்லி குடும்பம் நடத்தலாம் போலிருக்கே."

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் தாயி. வாடகையா கேக்குது?" என்பார் கிரைண்டர் ஓட்டுகிற சம்மட்டி. ஆள் பெயருக்கேற்ற உருவம். சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார்.

எல்லோருமே முதலில் கேலி செய்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நீட்டினார்கள். குதிகால், விரல்மூட்டு, கழுத்து. துணி கட்டிக்கொள்ளும் வழக்கமும் அவளைப் பார்த்து நாலாபக்கமும் தொற்றியது. ஃபோர்மேன் ஒருவர்தான் கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்தார். "இது பட்டறையா பார்லரா? அடுத்து எல்லாருக்கும் மருதாணி வைப்பீங்களா?"

அன்று காலை அவள் ஒரு பஸ்ஸின் எலும்புக்கூட்டுக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே ஒரு தாங்கியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் பற்றவைத்தால் பொறி நம்மேல்தான் கொட்டும். அதற்கு யாரும் பயப்படுவதில்லை. பருத்தித் துணியில் பொறி விழுந்தால் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை விழும், ஓரம் கருகும், தட்டினால் அணைந்துவிடும். எங்கள் எல்லோருடைய சட்டையிலும் அப்படி ஓட்டைகள் இருக்கின்றன.

ஜன்னலில் நின்று யாருக்கோ ராடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெல்டிங்கின் நீல வெளிச்சம் நின்றது. ஆனால் அங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. மஞ்சளாக. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உடனே புரியவில்லை. சித்தியின் கழுத்திலிருந்து வந்தது.

துணி எரிகிறமாதிரி அது எரியவில்லை. வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டதுபோல ஒரே மூச்சில் கழுத்தைச் சுற்றி வந்துவிட்டது. சித்தி கத்தவில்லை. கவசத்தைத் தூக்கியெறிந்துவிட்டு, தோல் உறை போட்ட கைகளால் தன் கழுத்தையே அடித்துக்கொண்டு மண்டியிட்டாள். அடிக்க அடிக்க அது கையிடுக்கில் எழுந்தது.  பார்த்துக்கொண்டிருப்பது நிஜம்தானா என்ற சந்தேகம் எல்லோர் முகத்திலும் அப்படியே ஒட்டியிருந்தது.

சம்மட்டிதான் பாய்ந்தார். வெறுங்கையை நெருப்புக்குள் விட்டு முடிச்சோடு பிடுங்கினார். துணி தரையில் விழுந்து, அங்கேயும் எரிந்து தீர்ந்தது. பக்கத்துப் பகுதியிலிருந்து பெயின்டர் ஒருவர் தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து அவள் கழுத்தில் பிடித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அதை எடுக்கவே இல்லை.

தண்ணீருக்கு அடியிலிருந்து சித்தி முதலில் கேட்டது, "என் மூஞ்சி?"

"மூஞ்சி இருக்கு. வாயி அதவிட நல்லா இருக்கு. சும்மா கெட" என்றார் சம்மட்டி. அவருடைய உள்ளங்கையில் தோல் சுருண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

காதுக்குக் கீழிருந்து தோள் எலும்புவரை புண். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். தலையைத் திருப்ப முடியவில்லை. யார் வந்தாலும் கட்டிலுக்கு எதிரே வந்து நின்றால்தான் பார்ப்பாள்.

அதற்குள் பட்டறையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எங்கள் வெல்டிங் பகுதிக்கும் பெயின்ட் அடிக்கும் பகுதிக்கும் நடுவே ஒரு கனத்த திரைதான் தடுப்பு. பெயின்ட் கரைக்கிற தின்னர் பொறி பட்டாலே பற்றும், அதனால் அது அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரக்கூடாது. கொண்டுவந்தவர் கையில் மறுபடி ராடு கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

"தொவச்ச துணி இப்படிப் பத்துமாய்யா? என்னைக்காவது பாத்திருக்கியா?" என்று ஃபோர்மேன் என் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கேட்டார். "தின்னர்ல கையக் கழுவிட்டு அந்தத் துணியில தொடச்சிருக்கு. வேற ஒண்ணும் இல்ல. பாவம்தான், நான் இல்லேங்கல. ஆனா இனிமே வெல்டிங் பக்கம் விடமாட்டேன். பெருக்குற வேலை இருந்தா பாக்கலாம்."

 அவர் சொன்னதில் பாதி உண்மை. துவைத்த துணி அப்படிப் பற்றாது. நானும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் சித்தியிடம் சொன்னபோது, திரும்ப முடியாத அந்தத் தலையிலிருந்து கண்கள் மட்டும் என்மேல் திரும்பின.

"தின்னரா? நானா? ஒரு சோப்பு வாங்கவே நாலு கடை ஏறி எறங்குறவ நான். தின்னர எடுத்துக் கழுத்துல கட்டிப்பேனாடா?" மூச்சு வாங்கினாள். "அந்த வேலை எனக்கு வேணும்டா. வேற எதுவும் வேணாம், பெருக்குற வேலையெல்லாம் வேணாம். எனக்கு அந்த ராடு வேணும். என் லாக்கர்ல இன்னொரு துணி இருக்கு. எப்பவும் கட்டுறதுதான், உங்க சித்தப்பா தொவச்சுக் குடுத்தப்புறம் இன்னும் கட்டல. அதை அந்தாளு மூக்குல வச்சுக் காட்டு. தின்னர் வாசனை வருதா பாக்கட்டும்."

சாவியைக் கொடுத்தாள்.

மடித்தபடி இருந்த அந்தத் துணியை ஃபோர்மேனிடம் நீட்டினேன். சுற்றிலும் எல்லோரும் கூடிவிட்டார்கள். அவர் முகர்ந்தார். பெயின்டரை முகரச் சொன்னார். சோப்புதான்.

"சரி, இது சுத்தமான துணி. ஒத்துக்குறேன்" என்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு யோசனை வந்தது. "இப்ப இதுல பொறி விழட்டும். ஓட்டைதான் விழும். அப்ப என்ன அர்த்தம்? அன்னைக்குக் கட்டியிருந்த துணியில வேற என்னமோ இருந்திருக்குன்னு அர்த்தம். எல்லாரும் சாட்சி. சரியா?"

  துணியைக் கொண்டுவந்து நானே சித்தியின் வேலைக்கு வேட்டு வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஓட்டைதான் விழும் என்று எனக்கும் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

முற்றத்தில் ஒரு கம்பியில் இரண்டு துணிகளைத் தொங்கவிட்டார்கள். ஒன்று என் பொருள் அறையிலிருந்து எடுத்த புதுத்துணி. இன்னொன்று சித்தியுடையது. மேலே ஓர் இரும்புப் பட்டையை வைத்து ஃபோர்மேனே கவசம் போட்டுக்கொண்டு பற்றவைத்தார்.

புதுத்துணியில் பொறி விழுந்தது. ஓட்டை. கொஞ்சம் புகை. அணைந்தது.

"பாத்துக்கங்க" என்றார் கவசத்துக்குள்ளிருந்து.

சித்தியின் துணிப் பக்கம் நகர்ந்தார். பொறி விழுந்தது. அதேபோல ஓட்டை. அதேபோலப் புகை. ஃபோர்மேன் கவசத்தைத் தூக்கி எங்களைப் பார்த்துத் திரும்பினார். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் அந்த ஓட்டையின் ஓரம் மஞ்சளாக நிமிர்ந்தது. அவர் எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் திரும்பினார். அதற்குள் துணி கம்பிவரை போய்விட்டிருந்தது. கொக்கியில் ஒரு கறுப்புக் கந்தல் மட்டும் ஆடியது.

அவர் கையிலிருந்த, ராடு மாட்டிய ஹோல்டர் கீழே விழுந்தது.

"தொவச்சதுதானே?" என்றார். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "இப்பதானே மோந்து பாத்தேன். சோப்பு வாசனைதானே அடிச்சுது?"

"துணி இல்லய்யா இது. திரி" என்றார் சம்மட்டி, கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி. "எண்ணெ குடிச்ச திரி. என்னத்தையோ குடிச்சிருக்கு."

என்னத்தை என்று சொல்லத் தேவைப்படவில்லை.  பெயின்டரின் கை முதலில் போயிற்று, தன் கழுத்துக்கு. மெதுவாக முடிச்சை அவிழ்த்தார், பாம்பை எடுக்கிறமாதிரி. பக்கத்தில் நின்றவர் அவிழ்த்தார். அதற்குப் பக்கத்தில் நின்றவரும். ஒருவர் கையுறைக்குள் போட்டிருந்த பருத்தி உறையை உருவினார். முற்றம் முழுக்கத் துணிகள் தரையில் விழுந்துகொண்டே இருந்தன, ஒரு சத்தமும் இல்லாமல். எல்லாமே துவைத்த துணிகள். இத்தனை நாளும் இதைக் கட்டிக்கொண்டு பொறிக்குக் கீழே நின்றிருக்கிறோம் என்பது ஒவ்வொரு முகத்திலும் வந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

கடைசியில் ஃபோர்மேன் ஓரமாகப் போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார். காலுறையை உருவி அதைத் தூர வீசினார்.

"நீங்களுமா?" என்றார் சம்மட்டி.

"குதிகால்தான்யா" என்றார் அவர் தலை நிமிராமல். "யாருக்கும் தெரியாம ஒரு சின்ன டப்பால போட்டுக் குடுத்துச்சு."

அன்று சாயங்காலம் அவரும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். ஃபோர்மேன் சித்திக்கு எதிரே போய் நின்று, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். துணி எரிந்த இடத்தை இரண்டு தடவை சொன்னார். அவராலேயே இன்னும் நம்ப முடியவில்லை.

"தின்னர் இல்லம்மா. நான் சொன்னது தப்பு. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன். உன் எடம் உனக்குத்தான்."

சித்தி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அவரையே வெறித்தாள்.

"களிம்பா?" என்றாள். "என் களிம்பா?"

"தோல்ல இருக்குறப்ப அப்படிப் பத்தாதுக்கா" என்றாள் நர்ஸ், கையை நிறுத்தாமல். "அது துணியில ஊறி ஊறிச் சேந்துச்சுன்னாதான். தொவச்சாலும் முழுசாப் போகாது. இப்படி வந்தவங்கள முன்னாடியே பாத்திருக்கேன். சட்டை, போர்வை, தலையணை உறை..."

"எங்க வீட்டுக்காரர் வெந்நீர்ல தொவச்சாருங்க. சலவையில வேலை பாக்குறவரு" என்றாள் சித்தி.

"யார் தொவச்சாலும்தான்."

சித்தியின் வாய் திறந்தே இருந்தது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து தோலை எதிலிருந்து காப்பாற்ற அத்தனை பாடுபட்டாளோ, அதைக் கழுத்தில் தானே கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்குள் போய்ச் சேர்வதற்கு நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த போன் அடித்தது. வீடியோ அழைப்பு. தினமும் அந்த நேரத்துக்குப் பாப்பா கூப்பிடுவாள். நான் எடுத்து சித்தி முகத்துக்கு நேரே பிடித்தேன்.

திரை முழுக்கப் பாப்பாவின் மூக்கு. பிறகு போனை எதிலோ சாய்த்துவைத்துவிட்டுப் பின்னால் போனாள். குளித்துவிட்டு இரவுச் சட்டை போட்டிருந்தாள். முழுக்கை, பருத்தி.

"அம்மா, அப்பா எனக்குக் கெட்டிக் களிம்பு பூசிவிட்டாரே! நீ சொன்னமாதிரியே. ஈரத்தோட. முதுகுக்குக்கூட. பாக்கிறியா?"

முதுகைக் காட்டுவதற்காகச் சுற்றினாள். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் இருந்தது தெரிந்தது. தரையில் கம்பி ஹீட்டர். இரண்டு கம்பிகளும் சிவந்து நின்றன. பாப்பா அதற்கு முன்னால், சட்டை நுனி ஆட ஆடச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

 ஃபோர்மேன் "அய்யோ" என்று பாதியில் விழுங்கினார்.

"நகரு!" என்று சித்தி கத்தினாள். "பாப்பா, நகரு!"

பாப்பா சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். "எங்க நகர? இங்கயா?" என்று ஓர் அடி பின்னால் வைத்தாள்.

சித்தியின் நெற்றியில் நரம்பு புடைத்தது தெரிந்தது. அவள் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். அடுத்து வந்த குரல் தேன்போல இருந்தது. 

"என் தங்கமே, அப்பா எங்க?"

"அடுப்படியில. பாத்திரம் கழுவுறாரு."

"அம்மா பாவம்ல, படுத்தே கெடக்கேன். அம்மாவுக்காக ஓடிப்போய் அப்பாவக் கட்டிப்புடி. வேகமா. யாரு மொதல்லன்னு பாப்போம். ஓடு, ஓடு!"

பாப்பா திரையைவிட்டு ஓடினாள். காலடிச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. அறையில் ஹீட்டர் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க!" என்று சித்தி இப்போது உயிரெல்லாம் சேர்த்துக் கத்தினாள். "ஏங்க! போன எடுங்க!"

சித்தப்பா ஈரக்கையோடு வந்தார். இடுப்பில் பாப்பா தொங்கிக்கொண்டிருந்தாள். "என்னம்மா? வலிக்குதா?"

"அவள எறக்கிடாதீங்க. அந்த ஹீட்டர அணைங்க மொதல்ல. அவ சட்டையக் கழட்டுங்க. துண்டு வேணாம், போர்வை வேணாம், நம்ம வீட்டுத் துணி எதுவும் வேணாம். புதுசா வாங்கி வச்ச கவுன் இருக்குல்ல, கடைப் பையோட, அதைப் போடுங்க."

"இது இன்னைக்குத் தொவச்சதும்மா. ரெண்டு தடவ அலசினேன்."

"தெரியும்."

"என் கையால தொவச்சதும்மா."

"தெரியுங்க. அணைங்க."

அவர் குனிந்து சுவிட்சைத் தட்டினார். நிமிரும்போது பாப்பாவின் சட்டைக் கையை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தார். ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். சித்தி சொன்னாள், ஒரே வாக்கியத்தில். அவர் முகம் எப்படிப் போனது என்று என்னால் சொல்ல முடியாது. நான் தரையைப் பார்த்தேன்.

"பாப்பாவுக்குக் களிம்ப நிறுத்திடாதீங்க. தோல் வெடிச்சிரும்" என்றாள் நர்ஸ் போனை நோக்கி. "நெருப்புப் பக்கம், ஹீட்டர் பக்கம் விடாதீங்க. துணிய அடிக்கடி மாத்துங்க. தொவச்சாச்சேன்னு மட்டும் நம்பிடாதீங்க."

அவர் தலையாட்டினார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். போனை எடுக்க மறந்துவிட்டார். திரையில் காலி அறையும் ஹீட்டரும்.

 ஃபோர்மேன் தனக்குத் தெரிந்ததைக் கேட்டார்.

"ஏம்மா... எப்ப வேலைக்கு வர்ற?"

"இருங்க" என்றாள் சித்தி. கண் போனைவிட்டு எடுபடவில்லை. "செவப்பு இன்னும் போகல."

போகவில்லைதான். கம்பிகள் ஆரஞ்சாகி, செங்கல் நிறமாகி, மெல்ல மங்கிக்கொண்டிருந்தன. அது முழுக்கக் கறுக்கும்வரை நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.